பங்கு வீட்டில் ஜெனரேட்டருக்குச் சேஞ்ச் ஓவர் மாட்டுவது எப்படி: நியூட்ரலில் தொடங்குங்கள்

பங்காளிகள் பலருக்குப் பங்குள்ள எங்கள் ஊர் வீட்டுக்கு ஜெனரேட்டர் ஒரே நாளில் வந்து இறங்கியது. அதை வீட்டு வயரிங்கோடு ஒழுங்காக இணைத்து முடிக்க ஏழு வாரம் பிடித்தது. அதில் நாலு வாரம் வீண். செலவில் 11,500 ரூபாய் வீண். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு வைத்துக்கொண்டு, அதில் வயதானவர்களைத் தனியே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆத்தாவுக்கு மூச்சுத் திணறல் வந்து, வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைக்கச் சொன்னார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் வரை கரண்ட் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் மழையோடு போனால் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. இன்வெர்ட்டர் பேட்டரி அத்தனை நேரம் தாங்கவில்லை. அதனால் 5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவருமாக இறங்க வேண்டாம். உரிமம் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் அவரிடம் என்ன கேட்பது, எதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது, எந்த இடத்தில் 'நிறுத்துங்கள்' என்று சொல்வது, இவையெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாததால்தான் நாலு வாரம் போனது.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்பது மூன்று நிலை கொண்ட கைப்பிடி. ஒரு பக்கம் ஈ.பி., நடுவில் சுழி, மறுபக்கம் ஜெனரேட்டர். வீடு ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டுமே சேரும். இது இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் சேர்த்தால், உங்கள் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் ஏறி, மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளிவரும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் அதைத் தொடுவார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி ஜெனரேட்டர் ஓட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

1. எந்தெந்தப் பொருள் ஓட வேண்டும் என்று எழுதுங்கள்

முகப்பிலிருந்து அடுப்படிவரை தெருவுக்குத் தெரு நீளும் வீடு. ஆள் புழங்குவதோ இரண்டு அறையும் அடுப்படியும்தான். முழு வீட்டுக்கும் ஜெனரேட்டர் கொடுக்க நினைத்ததுதான் என் முதல் தப்பு.

என் பட்டியல் இது: கான்சென்ட்ரேட்டர் 350 வாட், ஃபிரிட்ஜ் 200, மின்விசிறி நாலுக்கு 300, எல்.இ.டி. விளக்குகள் 120, டி.வி. 100. மொத்தம் 1,070 வாட். மிக்ஸி ஓடும்போது இன்னும் 750. 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் 4,000 வாட்டுக்குள் நின்றுகொள்வது நல்லது. அதனால் தாராளமாகப் போதும்.

ஆழ்குழாய் மோட்டாரைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் நாலைந்து மடங்கு கேட்கும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தரக்கூடியது 21.7 ஆம்பியர்தான். மோட்டாரைப் போட்டதும் வோல்டேஜ் விழும். அந்த நேரம் கான்சென்ட்ரேட்டர் அலாரம் அடிக்கும். நான் மோட்டாரை ஜெனரேட்டரில் சேர்க்கவே இல்லை. கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். கீசரும் ஏ.சி.யும் வேண்டாம்.

2. சுவிட்ச் வாங்குமுன் நியூட்ரலைப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மூன்று புள்ளிக்கு (பங்குள்ள குடும்பத்துக்கு) மீட்டர் தனித்தனியாக இருக்கும். பங்கு பிரித்தபோது மீட்டரைப் பிரித்தார்கள். வயரை முழுசாகப் பிரிக்கவில்லை. தேக்குச் சட்டத்தில் ஓடும் பழைய வயரில் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) நம் மீட்டரிலிருந்தும் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) பங்காளி மீட்டரிலிருந்தும் வரும் விளக்குகள் இருக்கும். வளவு (நடுமுற்றம்) விளக்கும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைத்த மாடிப்படி விளக்கும் இதில் முதல் ஆட்கள். ஈ.பி.யில் ஓடும்வரை இது வெளியே தெரியாது. கம்பத்தில் எல்லா நியூட்ரலும் ஒன்றுதானே. ஜெனரேட்டருக்கு மாறிய நிமிடம் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் தெரிந்த விதம் இது. முதலில் வந்த வயர்மேன் முகப்பில் மெயின் பக்கத்தில் சேஞ்ச் ஓவரை மாட்டிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டினார். அறையில் விசிறி சுற்றியது, ஃபிரிட்ஜ் ஓடியது. வளவு விளக்குகள் மட்டும் எரியவில்லை. "பல்பு போயிருக்கும்ணே" என்றார். நான் பட்டாலையில் (முன்கூடத்தில்) இருந்த பிளக்கில் டெஸ்டரை வைத்தேன். ஃபேஸ் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒன்றும் இல்லை. நியூட்ரல் ஓட்டையில் வைத்ததும் டெஸ்டருக்குள் ஆரஞ்சு வெளிச்சம் பளிச்சென்று நின்றது. வளவு விளக்கின் சுவிட்சை அணைத்தேன். வெளிச்சம் மங்கி, இரண்டு ஓட்டையிலும் ஒரே மாதிரி லேசாக மினுங்கியது. மறுபடி போட்டேன், மறுபடி நியூட்ரலில் பளிச்சென்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் அந்தரத்தில் நின்றது. ஜெனரேட்டரின் ஃபேஸ், வளவு விளக்கு வழியாகப் பங்காளி வீட்டு நியூட்ரலைப் பிடித்து மண்ணோடு சேர்ந்துவிட்டது. ஃபேஸ் மண்ணின் நிலைக்கு இறங்கியதும், நாம் நியூட்ரல் என்று நம்புகிற வயர் மண்ணுக்கு 230 வோல்ட் மேலே ஏறிவிட்டது. வீட்டுச் சுவிட்சுகள் எல்லாம் ஃபேஸைத்தான் வெட்டும். ஆக, சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கு மாற்றப் போகிறவர் கையில் உயிருள்ள வயர் இருக்கும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று அவர் செய்தது இன்னும் மோசம். சேஞ்ச் ஓவரில் நியூட்ரலைக் கழற்றி, ஈ.பி. நியூட்ரல், ஜெனரேட்டர் நியூட்ரல், வீட்டு நியூட்ரல் மூன்றையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டார். வளவு விளக்கு எரிந்தது. எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனோம். ஆனால் ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் நம் நியூட்ரல் கம்பத்து நியூட்ரலோடு ஒட்டியே இருந்தது. யார் உங்களிடம் 'நியூட்ரலை காமன் பண்ணிடலாம்' என்று சொன்னாலும் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

கலப்பைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். ஈ.பி. கரண்ட் இருக்கும்போது செய்யுங்கள். ஜெனரேட்டர் பக்கம் போக வேண்டாம்.

முதலில் உங்கள் பங்கில் உள்ள எல்லா விளக்கையும் விசிறியையும் போடுங்கள். பிறகு பங்காளி வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் மெயினாக இருக்க வேண்டும். இப்போது உங்கள் பக்கம் எது அணைகிறதோ அது அவர்கள் நியூட்ரலில் ஓடுகிறது. எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து அதையே திருப்பிச் செய்யுங்கள்: அவர்கள் பக்கம் எல்லாவற்றையும் போட்டு, உங்கள் மெயினை அணையுங்கள். மூன்று மீட்டர் இருந்தால் மூன்றுக்கும் செய்யுங்கள். சோதனை நடக்கும்போது அணைந்து கிடக்கும் விளக்கின் நியூட்ரலில் கரண்ட் நிற்கும். யாரும் எதையும் தொடக் கூடாது.

எங்கள் பக்கத்தில் மூன்று வளவு விளக்கும் ஒரு விசிறியும் அகப்பட்டன. எதிர்ப்பக்கம் மாடிப்படி விளக்கு ஒன்று. இவற்றுக்குப் புதிதாக 1.5 சதுர மி.மீ. நியூட்ரல் வயர் இழுத்துப் பிரிக்க ஒன்றரை நாள் ஆனது.

கையோடு பழைய வயரை 500 வோல்ட் மெகரில் (வயரின் உறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவியில்) பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைனை மாற்றாமல் ஜெனரேட்டரில் சேர்க்க வேண்டாம். ரப்பர் உறை போட்ட அந்தக் காலத்து வயர் தொட்டாலே உதிரும்.

3. சம்மதம், சான்று, கடிதம்

பங்காளிகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பேசாமல் போய் மெயினை அணைக்கச் சொன்னதும் பங்காளி வீட்டு ஆச்சி, "எங்க மீட்டருல எதுக்குத் தம்பி கை வைக்கிறீக?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வளவு எல்லோருக்கும் பொது. அதில் புதுக் குழாய் ஓட்டவும், பின்பக்கம் ஜெனரேட்டர் வைக்கவும் எல்லாப் புள்ளியின் சம்மதமும் ஒரு தாளில் கையெழுத்தாக இருக்கட்டும். இதற்குப் பத்திரம் ஒன்றும் தேவையில்லை. வெளியூரில் இருப்பவர்கள் கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினால் எனக்குப் போதுமானதாக இருந்தது. இதற்கு ஒரு வாரம் வையுங்கள்.

வயர்மேனிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்று பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சான்று உள்ளவர் மறுக்காமல் காட்டுவார். நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ.பி. பிரிவு அலுவலகத்துக்கு உதவிப் பொறியாளர் பெயருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். மின் இணைப்பு எண், ஜெனரேட்டரின் திறன், ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, டபுள் போல் சேஞ்ச் ஓவர் மாட்டுகிறோம் என்ற விவரம், ஒற்றைக் கோட்டு வரைபடம், வயர்மேன் சான்று நகல். இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். பெரிய ஜென்செட் வாங்குவதாக இருந்தால் மின் ஆய்வுத் துறையின் ஒப்புதல் தேவைப்படும். அந்த விவரத்தைப் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு கேட்பது தாமதம்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. இணைப்பு இன்னமும் ஐயா பெயரில் இருக்கும், அவர்கள் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வைத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். அதற்கே மூன்று வாரம். ஜெனரேட்டர் யோசனை வந்த அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள்.

மீட்டரிலும், மீட்டருக்கு முன்னால் உள்ள கட்டவுட்டிலும் (ஃபியூஸ் பெட்டியிலும்) ஈ.பி. சீல் இருக்கும். 'அஞ்சே நிமிஷம், திருப்பி ஒட்டிடலாம்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சீல் அறுந்திருந்தால் திருட்டு மின்சாரம் என்று சந்தேகம் உங்கள் மேல்தான் வரும். சேஞ்ச் ஓவருக்கு மீட்டருக்கு அடுத்த மெயினை அணைத்தால் போதும்.

4. ஜெனரேட்டருக்கு இடம், கேபிளின் நீளம்

வளவில் வானம் தெரிகிறதே, அங்கேயே வைக்கலாமே என்று எங்களுக்கும் தோன்றியது. கூடாது. நாலு பக்கமும் அறை சூழ்ந்த இடத்தில் புகை கீழேயே தங்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இரண்டாங்கட்டு, திண்ணை, முகப்பு எதுவும் ஆகாது. பின்பக்கத் தோட்டத்தில், ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வையுங்கள். மேலே தகரக் கூரை, பக்கங்கள் திறப்பு.

இப்போது கேபிள். மீட்டர் முகப்பில், ஜெனரேட்டர் தோட்டத்தில். எங்கள் வீட்டில் இடைவெளி 200 அடி, அதாவது 60 மீட்டர். 20 ஆம்பியர் ஓடினால் இந்தத் தூரத்தில் எவ்வளவு வோல்டேஜ் வழியிலேயே கரையும் என்று பாருங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் ஏறக்குறைய 18 வோல்ட். 6 சதுர மி.மீ. வயரில் 7.4. 10 சதுர மி.மீ. வயரில் 4.4. முதலில் வந்தவர் போட்டது 2.5. முகப்பில் அளந்தபோது 209 வோல்ட்தான் இருந்தது.

இரண்டாவது முறை சேஞ்ச் ஓவரையே இடம் மாற்றினோம். அடுப்படிக்குப் பக்கத்தில் சின்ன டி.பி. பாக்ஸ் (லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று வைத்து, பட்டியலில் இருந்த லைன்களை மட்டும் அதற்குக் கொண்டுவந்தோம். முகப்பு மெயினிலிருந்து பின்கட்டுக்கு ஏற்கெனவே ஓடிய 6 சதுர மி.மீ. லைன் அதற்கு ஈ.பி. வழி. ஜெனரேட்டர் கேபிள் வெறும் 30 அடியாகக் குறைந்தது. நீளமான வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் டிரில் வைத்தால் தட்டுத் தட்டாகப் பெயரும். அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது கஷ்டம். நாங்கள் பழைய மெயின் போர்டு இருந்த பலகையைத்தான் பயன்படுத்தினோம். குழாய்களைத் தாழ்வாரத்து ஓரமாக, ஏற்கெனவே இருந்த ஓட்டைகள் வழியாகவே ஓட்டினோம். தேக்குத் தூணில் ஆணி அடிக்க விடவில்லை.

5. எந்தச் சேஞ்ச் ஓவர்

ஒரு ஃபேஸ் வீட்டுக்கு டபுள் போல். மூன்று ஃபேஸ் வீட்டுக்கு ஃபோர் போல். எதிலும் நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். பெட்டியில் 'ஆன் லோட்' (கரண்ட் ஓடும்போதே திருப்பலாம்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அளவு, பெரிய பக்கத்தை வைத்து: ஜெனரேட்டர் 21 ஆம்பியர் என்றாலும் ஈ.பி. பக்கம் 32 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் 40 ஆம்பியர் சுவிட்ச். மூன்று நிலையும், நடுவில் சுழியும் இருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குத் தானே கிளம்பும் ஜெனரேட்டர் வேண்டும். பேட்டரி எப்போதும் சார்ஜில் இருக்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும் வீடுகளில் கேட்க ஆளில்லாமல் எஞ்சின் கிளம்பக் கூடாது. கையால் ஜெனரேட்டருக்கு மாற்றும்வரை உள்ள சில நிமிட இடைவெளியை ஆத்தாவுக்கு இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்கிறது.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் ஜெனரேட்டர் வைப்பவர்கள், ஜெனரேட்டர் பக்கத்து மூன்று முனைகளையும் ஒன்றாக இணைத்து எல்லா அறைக்கும் கொடுப்பார்கள். செய்யலாம். ஆனால் ஈ.பி.யில் மூன்று ஃபேஸ் ஓடும்போது நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் கரண்ட், இப்போது முழுசாகக் கூடும். நியூட்ரல் வயர் மெலிந்திருந்தால் சூடாகும். மூன்று ஃபேஸ் மோட்டாரை அந்த நேரத்தில் தப்பித் தவறியும் போடக் கூடாது, எரிந்துவிடும். அதைச் சேஞ்ச் ஓவருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். கூரையில் சோலார் இருந்தால் அதுவும் ஈ.பி. பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் வந்தால் சோலார் கரண்ட் ஜெனரேட்டருக்குள் பாயும்.

6. எர்த்

நம் பக்கம் செம்புராங்கல் பூமி. கோடையில் கடப்பாறை இறங்காது, ஈரமும் நிற்காது. எர்த் குழியை எங்காவது ஒரு மூலையில் போட்டால் சித்திரை வைகாசியில் அது பேருக்குத்தான் இருக்கும். எங்கள் வயர்மேன் ஒரு நல்ல யோசனை சொன்னார்: வளவு மழைத்தண்ணீர் பின்பக்கம் வெளியேறும் இடத்துக்கு அருகே போடலாம் என்று. 40 மி.மீ. ஜி.ஐ. குழாய், 2.5 மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும். ஒரு குழியில் 11 ஓம் காட்டியது. எட்டடிக்கு மேல் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் சேர்த்ததும் 6க்கு வந்தது. கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டு எர்த், ஜெனரேட்டர் உடல், ஜெனரேட்டரின் நியூட்ரல் மூன்றும் இந்த எர்த்தில் சேர வேண்டும். நியூட்ரல் சேராவிட்டால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) வாங்கி மாட்டினாலும் ஜெனரேட்டரில் ஓடும்போது அது வேலை செய்யாது. நான் மேலே சொன்ன அந்தர நியூட்ரல் கதைதான். ஈ.பி. நியூட்ரலை மட்டும் இங்கே சேர்க்கக் கூடாது. இன்வெர்ட்டர் வகைச் சின்ன ஜெனரேட்டராக இருந்தால், நியூட்ரலை எர்த் செய்யலாமா என்று கையேட்டைப் பார்த்த பிறகே செய்யுங்கள். பெரிய மூன்று ஃபேஸ் ஜென்செட்டுக்கு நியூட்ரலுக்குத் தனியே, உடலுக்குத் தனியே குழிகள் போடுவார்கள்.

7. இணைக்கும் நாள்

கான்சென்ட்ரேட்டர் இருப்பதால் ஆத்தாவை அன்று அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வீட்டில் நோயாளி இருந்தால் நீங்களும் அப்படியே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு முழுப் பகல் தேவை. கல்யாணம், சாந்தி, படைப்பு என்று நாள் குறித்து வைத்துக்கொண்டு அதற்கு முந்தின நாள் இந்த வேலையை வைக்காதீர்கள்.

மெயினை அணைத்து, அதன் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி வயர்மேன் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவர் போர்டில் வைத்துவிட்டுப் போனால் வீட்டில் யாராவது மாட்டிவிடுவார்கள். பிறகு டெஸ்டரோடு நிறுத்தாமல் டெஸ்ட் லாம்பில் பார்க்க வேண்டும்.

புதுச் சுவிட்சில் எந்த முனை எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயர் மாட்டும் முன்பே மல்ட்டி மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கைப்பிடி ஈ.பி.யில் நின்றால் வீட்டு முனைக்கும் ஈ.பி. முனைக்கும் மட்டும் பீப் சத்தம் வர வேண்டும். ஜெனரேட்டரில் நின்றால் அந்தப் பக்கம் மட்டும். சுழியில் எதுவும் கூடாது. ஈ.பி. முனைக்கும் ஜெனரேட்டர் முனைக்கும் இடையே எந்த நிலையிலும் சத்தம் வரவே கூடாது.

சேஞ்ச் ஓவரிலிருந்து வெளிவரும் லைன் முதலில் ஆர்.சி.சி.பி.க்கு, அங்கிருந்து எம்.சி.பி.களுக்கு (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்சுகளுக்கு). அப்போதுதான் இரண்டு மின்சாரத்துக்கும் பாதுகாப்பு. ஜெனரேட்டர் பக்கத்தில் தனியாக ஒரு 20 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி. ஈ.பி. பக்கத்தில் ஒரு சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்தது தெரியாமல் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜெனரேட்டர் கேபிளைக் கழற்றி மாட்ட 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக் நல்லது. ஆண் முனை சுவர்ப் பெட்டியிலும், பெண் முனை கேபிளிலும் இருக்க வேண்டும். மாறிப்போனால், ஜெனரேட்டர் ஓடும்போது கேபிள் கழன்று விழுந்தால் கரண்ட் உள்ள ஆணிகள் தரையில் கிடக்கும். கடையில் கேட்கும்போதே இதைச் சொல்லி வாங்குங்கள்.

8. சோதித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்

ஜெனரேட்டரைச் சுமையில்லாமல் ஓட்டி அளவெடுங்கள். 220க்கும் 240க்கும் இடையே வோல்டேஜ், 50லிருந்து 52 ஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். கைப்பிடியை மாற்றி எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லா பிளக்கிலும் டெஸ்டரை வையுங்கள்: ஃபேஸில் எரிய வேண்டும், நியூட்ரலில் எரியவே கூடாது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை ஈ.பி.யில் ஒருமுறை, ஜெனரேட்டரில் ஒருமுறை அழுத்துங்கள். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. அதனால் ஜெனரேட்டர் நியூட்ரல் எர்த்தில் சேர்ந்திருக்கும் முடிச்சைக் கண்ணாலும் பாருங்கள். கடைசியாக, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்பு மெயினில் டெஸ்டர் வைத்து ஈ.பி. பக்கம் எதுவும் திரும்பி வரவில்லை என்று பாருங்கள். இதைக் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் பார்க்க முடியும். ஊரில் ஷட்டவுன் எப்போது என்று மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணில் கேட்டு, அந்த நாளுக்கு வயர்மேனைத் திரும்ப வரச் சொன்னேன். அதுவரை கூலியில் 2,000 ரூபாயை நிறுத்தி வைத்திருந்தேன்.

வீட்டு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கரண்டை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடினால் பயப்பட வேண்டாம். பின்னால் உள்ள சுவிட்சில் யூ.பி.எஸ். நிலையிலிருந்து சாதாரண நிலைக்கு மாற்றிப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் பிரச்சினை.

9. செலவும் நாளும்

ஜெனரேட்டர் விலை போக, இரண்டாவது முறை சரியாகச் செய்தபோது ஆன கணக்கு: சேஞ்ச் ஓவர் 1,650. டி.பி. பாக்ஸ், எம்.சி.பி.கள், ஆர்.சி.சி.பி. 5,200. வயரும் கேபிளும் 2,900. புது நியூட்ரல் வயர், குழாய், கிளாம்ப் 2,400. இண்டஸ்ட்ரியல் பிளக் 950. இரண்டு எர்த் குழி 9,000. வயர்மேன் 1,200, உதவியாள் 800 என்று நாலு நாள் 8,000. ஆகமொத்தம் 30,100 ரூபாய். சாமான்களைக் காரைக்குடிக் கடைத்தெருவில் பில் போட்டே வாங்கினேன். எர்த் குழியில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

நாள் கணக்கு: பங்காளிகள் சம்மதம் ஒரு வாரம், நியூட்ரல் சோதனையும் பிரிப்பும் இரண்டு நாள், எர்த் ஒரு நாள், இணைப்பு ஒரு நாள். ஈ.பி. கடிதத்தையும் பெயர் மாற்றத்தையும் முதல் நாளே போட்டுவிட்டால் மொத்தமும் மூன்று வாரத்துக்குள் அடங்கும்.

எரிபொருளுக்கு, அரை சுமையில் மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விடாதீர்கள். இப்போது வருவது எத்தனால் கலந்தது; ஈரம் இழுத்துக் கார்புரேட்டரை அடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் சுமையோடு ஓட்டச் சொல்லுங்கள்.

10. சுவரில் ஒட்டும் சீட்டு

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்தான் இதை இயக்கப் போகிறார். கைப்பிடிக்கு மேலே 'ஈ.பி.', '0', 'ஜெனரேட்டர்' என்று பெயிண்டால் எழுதினோம். பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பது இது:

கரண்ட் போனால்: சின்ன பாக்ஸில் எல்லா எம்.சி.பி.யையும் அணைக்கவும். கைப்பிடியை 0-வில் வைக்கவும். ஜெனரேட்டரைக் கிளப்பி மூன்று நிமிடம் விடவும். கைப்பிடியை ஜெனரேட்டருக்குத் திருப்பவும். முதலில் ஆத்தா அறை, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு மற்றவை.

சிவப்பு விளக்கு எரிந்தால்: ஐந்து நிமிடம் பொறுக்கவும். எம்.சி.பி.களை அணைக்கவும். கைப்பிடியை 0-வுக்கும், பிறகு ஈ.பி.க்கும் கொண்டுவரவும். எம்.சி.பி.களைப் போடவும். ஜெனரேட்டரை இன்னும் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தவும். பெட்ரோல் குழாயை மூடவும். சூடு ஆறும்வரை பெட்ரோல் ஊற்றக் கூடாது.